மருந்து விற்ற பணத்தில் இசை ஆராய்ச்சி... யார் இந்த ஆபிரகாம் பண்டிதர்? 22 சுருதியா, 24 சுருதியா என்ற வழக்கு என்ன?

தாமிரபரணிக் கரையில் கலைக்குப் பஞ்சமே கிடையாது. ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயில் ஆடி அமாவாசைக்குப் போனாலும் சரி, பக்கத்து ஊர் சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போனாலும் சரி, நாதஸ்வரமோ, வில்லுப்பாட்டோ, கணியான் கூத்தோ காதில் விழாமல் திரும்ப முடியாது. காருகுறிச்சி அருணாசலம் மாதிரி வாசித்தவர்கள், பாடியவர்கள் பெயர்களை இந்தப் பக்கத்து ஆட்கள் வரிசையாகச் சொல்வார்கள்.

ஆனா, அந்தக் கலைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன, இலக்கணம் என்ன என்று தோண்டி எழுதியவர்கள் யார்னு கேட்டா, பேச்சு கொஞ்சம் நின்றுவிடும். இசையிலும் கூத்திலும் எம்.ஏ. முடித்து பிஎச்.டி.க்குப் பதிவு செய்யும் மாணவர்கள் இன்றைக்கு நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்க ஒருவர் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில்தான் பிறந்தார். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, நெறியாளர் இல்லை, உதவித்தொகை இல்லை. இருந்தும் ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேல் ஓர் இசை ஆய்வு நூலை எழுதி, அதைத் தானே அச்சடித்தும் வெளியிட்டார்.

அவர் ஆபிரகாம் பண்டிதர். நூலின் பெயர் கருணாமிர்த சாகரம். அவர் என்ன செய்தார், அதில் எது நின்றது, எது நிற்கவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

சாம்பவர் வடகரை பையன்

ஆபிரகாம் பண்டிதர் பிறந்தது 1859 ஆகஸ்ட் 2. ஊர் சாம்பவர் வடகரை. அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம், இன்றைக்குத் தென்காசி மாவட்டம். அனுமன் நதி பாயும் பகுதி அது. அனுமன் நதி சிற்றாற்றில் கலக்கிறது, சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. அதாவது, அந்த ஊர்த் தண்ணீரும் கடைசியில் ஏரலைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது.

அப்பா முத்துசாமி, அம்மா அன்னம்மாள். வசதியான வீடு இல்லை. சுரண்டையில் மிஷன் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர் முத்துசாமி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மகன், திண்டுக்கல்லில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே பாடப் புத்தகத்தோடு நிற்கவில்லை. புகைப்படம் எடுப்பது, அச்சுத் தொழில், கடிகாரம் பழுது பார்ப்பது என்று கையில் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டார். சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் வாசிக்கவும் பழகினார்.

இதைச் சும்மா பட்டியலுக்காகச் சொல்லவில்லை. அச்சுத் தொழில் தெரிந்ததும், நுட்பமாக அளந்து பார்க்கும் பழக்கம் வந்ததும் நாற்பது வருஷம் கழித்து அவருக்குக் கைகொடுத்தன.

வைத்தியம் எப்படி உள்ளே வந்தது?

திண்டுக்கல் நாட்களில்தான் மூலிகை வைத்தியத்திலும் அவருக்கு ஆர்வம் வந்தது. சுருளி மலைப் பக்கம் கருணானந்தர் என்ற துறவியிடம் மருந்து முறைகளைக் கற்றார். அந்தப் பெயரைக் கடைசிவரை அவர் விடவில்லை. வைத்தியசாலைக்கு கருணாநிதி வைத்தியசாலை, தோட்டத்துக்கு கருணானந்தபுரம், புத்தகத்துக்கு கருணாமிர்த சாகரம் என்று எல்லாவற்றிலும் குருவின் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்குப் போய், அங்கே லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியர் வேலை பார்த்தார்கள். 1890 வாக்கில் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியர் ஆனார் ஆபிரகாம். பண்டிதர் என்று ஊர் கூப்பிட ஆரம்பித்ததும் இந்த வைத்தியத்தால்தான்.

மருந்து நன்றாக விற்றது. குறிப்பாக கோரோசனை மாத்திரை. உள்ளூர் தாண்டி இலங்கை, பர்மா வரைக்கும் தபாலில் போனது. அந்தப் பணத்தில் தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகை போட்டார், கரும்பு போட்டார், புதுப்புது சாகுபடி முறைகளைப் பரிசோதித்தார். மக்கள் வாயில் அது பண்டிதர் தோட்டம். 1909-ல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இதுவரை பார்த்தால், உழைத்து முன்னுக்கு வந்த ஒரு வைத்தியரின் கதை. இத்தோடு அவர் நின்றிருந்தால் அவர் பெயர் தஞ்சாவூரைத் தாண்டியிருக்காது.

இசைக்குள் ஏன் இறங்கினார்?

அந்தக் காலத்து இசை உலகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இது புரியும்.

மேடையில் பாடுவது பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகள். இலக்கணம் என்று எடுத்தால் சமஸ்கிருத நூல்கள். தமிழ்நாட்டில் இருந்தே பெரிய இசை நூல் வந்தபோதும் இதுதான் நிலைமை. 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சானது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு காப்பாற்றித் தந்த மகத்தான வேலை அது. ஆனா நூல் தெலுங்கில் இருந்தது. எட்டயபுரத்துக்காரர் ஒருவர் படிக்க வேண்டும் என்றால் முதலில் தெலுங்கு எழுத்தைப் படிக்கணும்.

இசை கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் இல்லையே என்பதுதான் பண்டிதரின் முதல் கவலை. அதனால் கீதம், கீர்த்தனை என்று தொடக்க நிலையில் இருந்து பயிற்சிக்கான பாடல்களைத் தமிழிலேயே தானே இயற்றினார். கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் அவை 1907-ல் வெளிவந்தன.

பாடம் எழுதப் போன இடத்தில்தான் பெரிய கேள்வி எழுந்தது. ஒரு ராகத்துக்கு என்ன சுரம் என்று எழுத வேண்டும் என்றால், மொத்தம் எத்தனை சுருதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். நூல்களைப் புரட்டினார். வித்வான்களைக் கேட்டார். ஒருவர் சொன்ன கணக்கும் இன்னொருவர் சொன்ன கணக்கும் ஒத்துவரவில்லை.

இன்றைக்கு பிஎச்.டி. மாணவர்கள் ஆய்வுச் சிக்கல் என்று ஒரு பக்கம் எழுதித் தருவார்கள் இல்லையா, பண்டிதரின் ஆய்வுச் சிக்கல் இதுதான்.

சுருதி கணக்கு: எளிமையா ஒரு விளக்கம்

கீழ் 'ச'வில் இருந்து மேல் 'ச'வுக்குப் போனால் அதிர்வு சரியாக இரண்டு மடங்கு ஆகிறது. இந்த இடைவெளிதான் ஒரு ஸ்தாயி. அதற்குள் 12 சுரத்தானங்கள் இருக்கின்றன. ஆர்மோனியத்தில் கறுப்பும் வெள்ளையுமாக 12 கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட நுட்பமான பிரிவுகளைத்தான் சுருதி என்கிறார்கள். தமிழில் அலகு.

பரதரின் நாட்டிய சாஸ்திரமும், 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரமும் சுருதி 22 என்கின்றன. ஆனா 22-ஐ 12 தானங்களுக்குச் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு சுரத்துக்கு நாலு, இன்னொன்றுக்கு மூன்று, மற்றொன்றுக்கு இரண்டு என்று ஏற்றத்தாழ்வோடுதான் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'ச'வுக்கும் 'ப'வுக்கும் உள்ள உறவு ஒன்றரை மடங்கு. 'ச'வின் அதிர்வு 100 என்று வைத்துக்கொள்வோம். அதை ஒன்றரையால் 12 முறை பெருக்கிக்கொண்டே போனால், 12 சுரங்களையும் தொட்டுவிட்டு மறுபடி ஒரு 'ச'வில் வந்து நிற்க வேண்டும். அது ஏழு ஸ்தாயி மேலே இருக்கும் 'ச'. இரண்டால் ஏழு முறை பெருக்கினால் அதன் அதிர்வு 12,800. ஆனா ஒன்றரையால் 12 முறை பெருக்கினால் வருவது ஏறத்தாழ 12,975. வட்டம் மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகமாகிவிடுகிறது.

கிரேக்கர்களும் சீனர்களும் மோதிய அதே சுவர்தான் இது. ஐரோப்பியர்கள் பியானோவில் 12 இடைவெளிகளையும் சமமாக்கி இந்தச் சிக்கலைத் தாண்டினார்கள்.

பண்டிதரின் முடிவும் சமப் பங்கீடுதான். ஸ்தாயியை 12 சம பாகமாக்கு, அதை இரண்டாக்கினால் 24, அதை இரட்டித்தால் 48, இன்னும் இரட்டித்தால் 96. 24 பாகம் என்றால் ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல 1.0293 மடங்கு. இவற்றை முறையே ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்ற பழந்தமிழ்ப் பெயர்களோடு அவர் இணைத்தார்.

(வீணையில் 24 மெட்டு இருக்கே, அதுதானா இது என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. வீணையின் 24 மெட்டு என்பது இரண்டு ஸ்தாயிக்கு 12 வீதம். பண்டிதர் சொன்னது ஒரே ஸ்தாயிக்குள் 24.)

ஆய்ச்சியர் குரவையில் ஒரு சான்று

கணக்கு சரி, சான்று எங்கே? இங்கேதான் பண்டிதர் யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் போனார். சிலப்பதிகாரம்.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு 1892-ல் பதிப்பித்திருந்தார். அந்த உரையில், இன்று நம் கையில் இல்லாத பழைய இசைத்தமிழ் நூல்களின் செய்திகள் இருக்கின்றன. தமிழ்ப் புலவர்கள் அதை இலக்கியமாகப் படித்தார்கள். இசை வித்வான்களில் பலர் அந்தப் பக்கம் போகவே இல்லை. பண்டிதர் அதை இசை இலக்கணமாகப் படித்தார்.

ஆய்ச்சியர் குரவைக் காட்சி நினைவிருக்கும். தீய சகுனங்களைக் கண்டு பயந்த மாதரி, ஏழு இடையர் குலப் பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களை அவர்களுக்கு வைக்கிறாள். கைகோத்து ஆடுகிறார்கள். படிக்கும் நமக்கு அது ஓர் ஆட்டம். ஆனா உரைகாரர் அந்த வட்டத்தைப் பன்னிரண்டு ராசி வட்டத்தோடு சேர்த்து விளக்குகிறார். எந்தச் சுரத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்கிறோமோ, அதற்கேற்ப வேறொரு பண் பிறக்கும் என்ற முறையும் அங்கே வருகிறது. இன்றைய வித்வான்கள் கிரக பேதம் என்று சொல்லும் அதே விஷயம்.

ஒரு கிராமத்துக் கைகோத்து ஆட்டத்துக்குள் ஒரு முழு இசை இலக்கணம் ஒளிந்திருக்கிறது என்று பண்டிதர் காட்டினார். ராசி பன்னிரண்டும் சமம், எனவே சுரத்தானம் பன்னிரண்டும் சமம் என்பது அவர் வாதம். 24 கணக்குக்கு அவர் ஊன்றிக்கொண்ட கால் இதுதான்.

சொந்தச் செலவில் மாநாடு

கண்டுபிடித்ததைப் புத்தகமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் வித்வான்கள் முன்னால் வைத்தார்.

1912 மே மாதம் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அதன் சார்பில் மாநாடுகள் தொடர்ந்து நடந்தன. வந்தவர்களுக்குப் பயணம், தங்கல், சாப்பாடு என எல்லாம் பண்டிதர் செலவு. அதாவது கோரோசனை மாத்திரை விற்ற பணம்.

தஞ்சை வட்டார வித்வான்களோடு தாமிரபரணிக் கரையில் இருந்தும் ஒருவர் போனார். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். பின்னாளில் சங்கீத கல்பத்ருமம் என்ற இசை இலக்கண நூலுக்காக 1943-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. இசைக் கலைஞர் ஒருவருக்கு ஆய்வு நூலுக்காக டாக்டர் பட்டம் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி.

இந்த மாநாடுகள் கச்சேரி மாநாடுகள் இல்லை என்பதைக் கவனிக்கணும். கட்டுரை படிப்பது, அதை வீணையில் வாசித்துக் காட்டுவது, மறுத்துப் பேசுவது என்றுதான் நிகழ்ச்சிகள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை பாடமாகவே வராத காலம் அது. 1930-களில்தான் அங்கே இசைக்கு டிப்ளமோ வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானதே 1929-ல். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய கருத்தரங்க வேலையை ஒரு வைத்தியர் தன் வீட்டுச் செலவில் செய்துகொண்டிருந்தார்.

பரோடாவில் என்ன நடந்தது?

1916 மார்ச் மாதம் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு. ஆதரவு மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், முன்நின்று நடத்தியவர் பட்கண்டே. ஹிந்துஸ்தானி இசைக்குப் பாடத்திட்டம் வகுத்த அதே பட்கண்டேதான்.

சுருதிப் பிரச்னை அங்கேயும் சூடாக இருந்தது. 22 சுருதி அணியில் தேவல் இருந்தார். அவர் 1910-லேயே 22 சுருதி பற்றிப் புத்தகம் போட்டவர். ஐ.சி.எஸ். அதிகாரி கிளமெண்ட்ஸ், 22 சுருதிக்கென்றே ஓர் ஆர்மோனியம் செய்து வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் தஞ்சாவூரில் இருந்து போன பண்டிதர். அவர் தன் கணக்கைப் படித்துவிட்டு நிறுத்தவில்லை. அவர் குடும்பத்துப் பெண்கள் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், ஓர் அகில இந்திய அறிஞர் சபையில், பெண்கள் வாசித்து ஆய்வு முடிவைச் சரிபார்த்துக் காட்டியது சாதாரண விஷயம் இல்லை.

சமூக வலைதளங்களில் சுற்றும் சில பதிவுகள், பரோடாவில் 24 சுருதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், 22 தோற்றுவிட்டது என்று எழுதுகின்றன. அப்படிச் சொல்ல முடியாது. வழக்கு அந்த மாநாட்டில் முடியவில்லை. கிளமெண்ட்ஸின் ஆர்மோனியமும் விமர்சனத்துக்கு ஆளானது. 22 என்ற எண்ணும் பாடப் புத்தகங்களை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

கருணாமிர்த சாகரம் என்னும் புத்தகம்

அடுத்த ஆண்டு, 1917-ல் புத்தகம் வந்தது. இவ்வளவு சுரக் கணக்கும் அட்டவணையும் கொண்ட நூலை அச்சுக் கோப்பது லேசான வேலை இல்லை. அதற்காகத் தஞ்சாவூரில் சொந்தமாக மின்சார அச்சகமே வைத்தார். சென்னை மாகாண ஆளுநராக இருந்த லாலியின் பெயரை அதற்கு வைத்தார். திண்டுக்கல்லில் கற்ற அச்சுத் தொழில் இங்கே வந்து சேர்ந்தது.

நூலில் நான்கு பாகங்கள். தமிழிசையின் தொன்மை, சங்கீத ரத்னாகரத்தின் 22 சுருதியைக் கணக்கு போட்டு மறுப்பது, அவர் காலத்தில் சுருதி பற்றி எழுதிய மற்றவர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிப்பது, பழந்தமிழ் நூல்களில் உள்ள இசைமுறையை நிறுவுவது என்று அது விரிகிறது.

ராகங்கள் பற்றிய இரண்டாம் புத்தகம் வெளிவந்ததைப் பார்க்க அவர் இல்லை. 1919 ஆகஸ்ட் 31 அன்று காலமானார். வயது 60. தஞ்சாவூரில் அவருடைய தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். இரண்டாம் புத்தகத்தை மகள் மரகதவல்லி 1946-ல் வெளியிட்டார். மகன் வரகுண பாண்டியன், பாணர் கைவழி எனப்படும் யாழ்நூல் என்ற ஆய்வை 1950-ல் கொண்டுவந்தார்.

சரி, அவர் சொன்னது சரியா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவதுதான் வழக்கம். பெரியவரைப் பாராட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆனா ஓர் ஆராய்ச்சியாளருக்குச் செய்யும் மரியாதை, அவர் சொன்னதைச் சோதிப்பதுதான்.

முதல் சிக்கல், தமிழ் நூல்களுக்குள்ளேயே இருக்கிறது. பழைய தமிழ் இசை இலக்கணமும் குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என்று அலகு சொல்கிறது. கூட்டிப் பாருங்க, 22. பண்டிதர் இதை மறைக்கவில்லை. முழு அளவு 24, அதில் இரண்டு அலகைக் குறைத்துப் பாடிய முறையைத்தான் 22 குறிக்கிறது, பின்னால் வந்தவர்கள் அதையே முழு அளவு என்று தப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்றார். இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை.

இரண்டாவது, ராசி வட்டம் பன்னிரண்டு என்பதால் சுர இடைவெளிகளும் துல்லியமாகச் சமம் என்று ஆகிவிடுமா? உரையில் அப்படி நேரடியாகச் சொல்லவில்லை. அது பண்டிதர் எடுத்த முடிவு.

மூன்றாவது, நம் பாடகர்கள் ஒரு சுரத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. தோடியின் காந்தாரத்தைக் கேட்டாலே தெரியும், அது அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை 22 புள்ளிகளிலோ 24 புள்ளிகளிலோ அடக்கிவிட முடியுமா என்பதே இன்றைக்குக் கேள்வி.

நான்காவது, நூலின் தொடக்கத்தில் கடல்கொண்ட லெமூரியாக் கண்டம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் பலர் நம்பிய விஷயம் அது. கண்டங்கள் நகர்கின்றன என்று நிலவியல் நிறுவிய பிறகு லெமூரியாவுக்கு அறிவியலில் இடம் இல்லை.

அப்போ எதுதான் நிற்கிறது? சிலப்பதிகாரத்தை இசைச் சான்றாகப் படிக்கலாம் என்ற வழி நிற்கிறது. பண்களின் வரலாற்றைத் தமிழ் நூல்களில் இருந்து எழுதலாம் என்ற துணிச்சல் நிற்கிறது. எந்தப் பழைய நூலாக இருந்தாலும், யார் எழுதியதாக இருந்தாலும், கணக்கு போட்டுப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்ற பிடிவாதமும் நிற்கிறது. அந்தப் பிடிவாதத்தை வைத்தே நாம் இன்று அவருடைய 24-ஐயும் கேள்வி கேட்கிறோம்.

அவர் போட்ட பாதையில் யார் யார்?

இலங்கை காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், அறிவியல் படித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தில் இருந்து பழைய யாழ்களின் அமைப்பைக் கணக்கிட்டு அவர் எழுதிய யாழ் நூல் 1947-ல் அரங்கேறியது. அவர் ஏற்றது 22 அலகுக் கணக்கை. பண்டிதர் கேட்ட அதே கேள்விக்கு வேறு விடை.

பாடகரும் ஆய்வாளருமான எஸ். ராமநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையையே தலைப்பாக எடுத்து பிஎச்.டி. வாங்கினார். வைத்தியர் ஒருவர் வீட்டுச் செலவில் தொடங்கிய விஷயம், கடல் தாண்டி முனைவர் பட்ட ஆய்வாக ஆனது. அதன்பின் வீ.ப.கா. சுந்தரம் தொகுத்த தமிழிசைக் கலைக்களஞ்சியத்தைப் பாரதிதாசன் பல்கலைக்கழகம் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது.

இன்றைக்கு ஆராய்ச்சிக்கு வர்றவங்களுக்கு இதில் என்ன இருக்கு?

இசை, நாட்டியம், நாடகம், கூத்து எதுவானாலும், முதுகலை முடித்து ஆய்வுக்கு வரும் மாணவர்களில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. நல்லா ஆடத் தெரியும், பாடத் தெரியும், அதை எப்படி 250 பக்கமாக எழுதுவது? கடைசியில் பல ஆய்வேடுகள் கலையின் பெருமை, கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு, பாடல்களின் பட்டியல் என்று முடிந்துவிடுகின்றன. பெருமை பேசுவது ஆராய்ச்சி ஆகாது.

பண்டிதரின் வேலையைப் படிப்படியாகப் பிரித்தால் இப்படி வரும்:

• கேள்வி ஒன்றே ஒன்று. ஸ்தாயியில் எத்தனை சுருதி? ஆம், இல்லை என்று மறுக்க முடிகிற மாதிரியான கேள்வி.

• முன்னால் எழுதியவர்கள் எல்லோரையும் படித்தார். பிடிக்காதவர்களின் கணக்கைக்கூட முழுசாக எடுத்து வைத்துத்தான் மறுத்தார்.

• மற்றவர்கள் பார்க்காத இடத்தில் சான்று தேடினார். இலக்கியமும் உரையும் இசைக்குச் சான்றாகும் என்றார்.

• எழுதியதைக் கருவியில் வாசித்துச் சோதித்தார்.

• அச்சுக்குப் போகும் முன், மறுத்துப் பேசக்கூடியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

இதில் கடைசிப் படிதான் கஷ்டம். தன் முடிவைத் தப்பு என்று சொல்லக்கூடிய ஆளுக்கு ரயில் டிக்கெட்டும் சாப்பாடும் கொடுத்து வரவழைக்க யாருக்கு மனசு வரும்?

தாமிரபரணிப் பக்கம் செய்ய வேண்டிய வேலை இன்னும் குவிந்து கிடக்கிறது. நாங்குநேரி நா. வானமாமலை, 1960-களில் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்து, வில்லுப்பாட்டுக் கதைகளையும் நாட்டுப் பாடல்களையும் ஆய்வுப் பொருளாக்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு முனைவர் பட்டம் வரை படிக்கலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைக்கும் நாடகத்துக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறை இருக்கிறது. இசை, கவின் கலைகளுக்கென்றே தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது.

ஏரல் பக்கத்து கொடை ஒன்றில் விடிய விடிய கேட்கும் வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லின் மணியும், குடமும், உடுக்கையும் எந்தத் தாளக் கணக்கில் சேர்கின்றன? கதை உச்சத்துக்குப் போகும்போது நடை எங்கே மாறுகிறது, அதை மாற்றுவது புலவரா, குடம் அடிப்பவரா? சாமி வந்து ஆடுபவருக்கும் அந்த நடை மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா? இவை ஒவ்வொன்றும் ஒரு முழு ஆய்வேட்டுக்கான கேள்வி. பதில் சொல்லத் தெரிந்த மூத்த கலைஞர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவை.

ஆபிரகாம் பண்டிதர்: சுருக்கமாக

• 1859: சாம்பவர் வடகரையில் பிறப்பு

• 1882: ஞானவடிவு பொன்னம்மாளுடன் திருமணம், அடுத்த ஆண்டு தஞ்சாவூர்

• 1890 வாக்கில்: ஆசிரியர் வேலையை விட்டு முழுநேர வைத்தியம்

• 1907: கருணாமிர்த சாகரத் திரட்டு

• 1909: ராவ் சாகிப் பட்டம்

• 1912: சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடக்கம்

• 1916: பரோடா அகில இந்திய இசை மாநாடு

• 1917: கருணாமிர்த சாகரம்

• 1919: மறைவு

• 1946: இரண்டாம் புத்தகம் வெளியீடு

தஞ்சாவூரில் இன்றைக்கும் ஆபிரகாம் பண்டிதர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்களில் பலர் அவரை வைத்தியர் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போவார்கள். இசையோ கூத்தோ எடுத்து ஆய்வு செய்பவர்கள் அவருடைய சாகரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். 24-ஐ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கணக்கை எப்படி மறுப்பது என்று கற்றுக்கொள்ளலாம்.